மெயின்ஃப்ரேமா, சர்வர்களா: செலவைக் கணக்கிடும் முறை

மெயின்ஃப்ரேம் என்ற பெரிய மையக் கணினியில் ஓடும் ஒரு அப்ளிகேஷனை, இன்டெல் வகை பிராசஸர் கொண்ட எக்ஸ்86 சர்வர்களுக்கு மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும்? வழக்கமாகக் காட்டப்படுவது ஒரு வகுத்தல் கணக்கு. ஆண்டுச் செலவை மொத்த எம்எஸ்யுவால் (மெயின்ஃப்ரேம் பிராசஸர் பயன்பாட்டை அளக்கும் அலகு) வகுத்து, அந்த அப்ளிகேஷன் எடுக்கும் எம்எஸ்யுவால் பெருக்குகிறார்கள். தொகை கவர்ச்சியாக வரும். ஆனால் மாற்றி முடித்த பிறகு பில் அந்த அளவுக்கு இறங்காது. கணக்கிட வேண்டியது சராசரிச் செலவை அல்ல. இந்த வேலை போனால் எந்த பில்லில் எந்தச் செலவு குறைகிறது என்பதை. ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ் சூழலை வைத்து அதைச் செய்து பார்ப்போம். கீழே வரும் எம்எஸ்யு அளவுகள் எல்லாம் விளக்கத்துக்கான மாதிரி எண்கள்.

படி 1: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

இசட்/ஓஎஸ், சிஐசிஎஸ் (ஆன்லைன் பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருள்), டிபி2 (டேட்டாபேஸ்) போன்றவற்றுக்கு மாதாந்தர லைசென்ஸ் கட்டணம் உண்டு. பழைய முறையில் இதைத் தீர்மானிப்பது நான்கு மணி நேர நகரும் சராசரி, அதாவது எந்த நேரத்திலும் அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்தின் சராசரிப் பயன்பாடு. அந்த மாதத்தில் இந்தச் சராசரி தொட்ட உச்சத்துக்குத்தான் பில். உயர் அழுத்த மின் இணைப்பு வைத்திருக்கும் மில்காரர்களுக்கு இது பழகிய கணக்கு: எத்தனை யூனிட் ஓடியது என்பதோடு, மாதத்தின் உச்சத் தேவைக்கும் தனிக் கட்டணம்.

2019-ல் வந்த டெய்லர்டு ஃபிட் பிரைசிங் முறையில், உச்சத்தைப் பார்க்காமல் மொத்தப் பயன்பாட்டைப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் நிறுவனம் அதில் இருந்தால் படி 2 பெரும்பாலும் தேவைப்படாது.

படி 2: உச்சம் எப்போது, யாரால்?

மாதந்தோறும் ஐபிஎம்முக்கு அனுப்பும் எஸ்சிஆர்டி என்ற பயன்பாட்டு அறிக்கையை வாங்குங்கள். இயங்குதளம் தானே எழுதிவைக்கும் எஸ்எம்எஃப் பதிவுகளில் 70, 89 வகைகளிலிருந்து உருவாகும் அறிக்கை அது. உச்சம் விழுந்த நாளும் மணியும் அதில் இருக்கும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் உச்சம் வேறுபடலாம். அந்த மென்பொருள் ஓடும் எல்பார்களை (ஒரே இயந்திரத்தைப் பிரித்து உருவாக்கிய தனித்தனிப் பகுதிகள்) மட்டும் கூட்டித்தான் அதன் உச்சம் எடுக்கப்படுகிறது.

வேலைகளைத் தொகுப்பாக ஓட்டும் இரவு பேட்ச் நேரத்தில் உச்சம் 900 எம்எஸ்யு, பகல் ஆன்லைன் நேரத்தில் 700 என்று வைத்துக்கொள்வோம்.

பகலில் மட்டும் 120 எம்எஸ்யு எடுக்கும் அப்ளிகேஷனை வெளியேற்றினால் பகல் 580 ஆகும். பில் 900-லேயே நிற்கும், மிச்சம் சுழியம்.

இரவில் 80 எடுக்கும் வேலையை நீக்கினால் 820. 80-ம் முழுதாக மிச்சம்.

இரவில் 250 எடுக்கும் வேலையை நீக்கினால் இரவு 650-க்கு இறங்கும். ஆனால் இப்போது பகலின் 700-தான் உச்சம். குறைந்தது 250 அல்ல, 200.

கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. எல்பாருக்கு டிஃபைன்டு கெபாசிட்டி என்ற வரம்பு வைத்து, உச்ச நேரத்தில் லோடு அதை முட்டிக்கொண்டே இருந்தால், காத்திருக்கும் வேலைகள் ஏராளம் என்று பொருள். ஒன்றை வெளியேற்றியதும் மற்றவை அந்த இடத்தை நிரப்பும். வேலைகள் சீக்கிரம் முடியும், நல்லதுதான். வரம்பையும் சேர்த்துக் குறைத்தால் ஒழிய பில் அசையாது.

படி 3: கடைசி எம்எஸ்யுவின் விலை

கட்டணம் படிக்கட்டு முறையில் இருக்கும். முதல் எம்எஸ்யுக்கள் விலை அதிகம். அளவு கூடக்கூட அடுத்த எம்எஸ்யு மலிவு. வெளியேற்றும்போது முதலில் போவது அந்த மலிவான மேல்படி. ஆகவே 10% லோடு குறைந்தால் கட்டணம் 10%-க்கும் குறைவாகவே இறங்கும். ஒப்பந்த விலைப்பட்டியலில் 900-க்கும் 820-க்கும் உரிய தொகைகளை எடுத்து நேரடியாகக் கழியுங்கள். வன்பொருள், ஆபரேட்டர்கள், இயந்திரம் நிற்கும் இடம் ஆகியவற்றின் செலவு ஒரு அப்ளிகேஷன் போனதால் குறைவதில்லை. கடைசி அப்ளிகேஷன் வெளியேறும் வரை அது அப்படியே நிற்கும்.

படி 4: மாற்றாமலே குறைக்க முடியுமா?

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இசட்ஐஐபி என்பது குறிப்பிட்ட வகை வேலைகளுக்கான தனி பிராசஸர். அதில் ஓடும் வேலை எம்எஸ்யு பில்லில் சேராது. ஜாவா, நெட்வொர்க் வழியாக டிபி2-க்கு வரும் கேள்விகளில் ஒரு பகுதி ஆகியவை அங்கே போகத் தகுதி உள்ளவை. சாதாரண கோபால் (COBOL) மொழிப் புரோகிராம் போகாது. ஆர்எம்எஃப் என்ற செயல்திறன் கண்காணிப்புக் கருவி தரும் வொர்க்லோடு அறிக்கையில் ஐஐபிசிபி மதிப்பைப் பாருங்கள். தகுதி இருந்தும் பொது பிராசஸரில் ஓடிய வேலையின் அளவு அது. உச்ச நேரத்தில் அது கணிசமாக இருந்தால், இன்னொரு இசட்ஐஐபி வாங்குவதையும் ஒரு மாற்றுவழியாகக் கணக்கில் வையுங்கள். உச்ச நேரத்தில் ஓடும் அறிக்கை வேலைகளை வேறு மணிக்குத் தள்ளுவது அதைவிட மலிவு.

படி 5: சர்வர் பக்கத்தை முழுதாக எண்ணுங்கள்

சர்வர் விலையை மட்டும் எழுதுவதுதான் இங்கே நடக்கும் பெரும் தவறு. உற்பத்திச் சூழலுக்கு 32 கோர் கொண்ட இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள், பேரிடர் மையத்தில் அதே அளவு, சோதனைக்கு 16 கோர் என்றால் 64 + 64 + 16 = 144 கோர்.

ஆரக்கிள் என்டர்பிரைஸ் டேட்டாபேஸ் என்றால் இன்டெல் கோர் காரணி (கோர் எண்ணிக்கையை லைசென்ஸ் எண்ணிக்கையாக மாற்றப் பெருக்கும் எண்) 0.5, ஆக 72 லைசென்ஸ். பட்டியல் விலை 47,500 டாலர் வீதம் 34.2 லட்சம் டாலர். ஆண்டுப் பராமரிப்பு 22%, அதாவது 7.524 லட்சம். ஐந்தாண்டில் மொத்தம் 71.82 லட்சம் டாலர். தள்ளுபடி கிடைக்கும், தள்ளுபடி போன தொகைக்குத்தான் 22%. இரண்டு சர்வர்களும் ஒரே டேட்டாபேஸாக ஓட வேண்டுமானால் கிளஸ்டர் வசதிக்கு விலை தனி. ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் எடுத்தால் லைசென்ஸ் செலவு சுழியம். ஆதரவு ஒப்பந்தமும், டேட்டாபேஸைக் கேட்கும் எஸ்க்யூஎல் வரிகளைத் திருத்தும் உழைப்பும் அந்த இடத்தில் வரும்.

மின்சாரத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம். 500 வாட் வீதம் 12 சர்வர் 6 கிலோவாட். குளிரூட்டல் உள்ளிட்ட 1.6 காரணியோடு 9.6. ஆண்டுக்கு 8,760 மணி நேரத்தில் 84,096 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றாலும் 8.4 லட்சம் ரூபாய்தான்.

விடுபட்டுப்போகும் இன்னொரு செலவு, தரவு நகல். வாடிக்கையாளர் தரவு மெயின்ஃப்ரேமிலேயே இருந்து, புதிய சர்வர் தினமும் அதை நகலெடுத்தால், அந்த நகலெடுப்பே எம்எஸ்யு எடுக்கும். அது இரவு உச்சத்தில் போய் விழுந்தால் நீங்கள் குறைத்ததை அதுவே தின்றுவிடும். டிபி2-ஐ நாள் முழுக்க நெருக்கமாகத் தொடும் அப்ளிகேஷனை விட்டுவிட்டு, தரவு உறவு குறைந்தவற்றை முதலில் எடுப்பதே சரி.

படி 6: ஆண்டுவாரியாக எழுதுங்கள்

ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து நெடுவரிசைகள் போடுங்கள். மாற்றம் முடியும் வரை இரண்டு பில்லும் ஓடும். அந்த ஆண்டுகளில் மிச்சம் என்ற வரியில் எதுவும் எழுதக் கூடாது. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் மிச்சம், தள்ளுபடி வீதம் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு வீதம்) 10% என்றால், 7.51 + 6.83 + 6.21 = 20.55 லட்சம். இன்றைய மதிப்பில் அது 30 லட்சம் இல்லை.

பிறகு அதே தாளில், திட்டம் ஓராண்டு தாமதமானால் என்ன ஆகும் என்று இன்னொரு வரிசை எழுதுங்கள். மிச்சம் 13.04 லட்சமாகச் சுருங்கும், இரட்டை பில் இன்னோர் ஆண்டு நீளும். இரண்டு வரிசையிலும் மிச்சம் செலவைத் தாண்டும் அப்ளிகேஷன்களை மட்டும் மாற்றப் பட்டியலில் வையுங்கள்.