சதுர அடியும் கன அடியும்: வீடு கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு கட்டுபவருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையே எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவையாகத் தோன்றினாலும், ஒரே சொல்லை இருவரும் வெவ்வேறு பொருளில் புரிந்துகொண்டதே அவற்றுக்கு அடிப்படையாக இருக்கிறது. விலையைக் குறைத்துப் பேசுவதில் காட்டும் அக்கறையை, அந்த விலை எந்த அளவுக்கு உரியது என்று கேட்பதிலும் காட்டியாக வேண்டும்.

முதல் தவறு சதுர அடியில் தொடங்குகிறது. பிளிந்த் ஏரியா என்பது சுவர்களின் கனத்தையும் சேர்த்த பரப்பு. கார்ப்பெட் ஏரியாவோ, 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, வெளிச்சுவர், பால்கனி, மொட்டை மாடி ஆகியவற்றை நீக்கி, உட்சுவர்களை மட்டும் சேர்த்துக் கணக்கிடும் பயன்பாட்டுப் பரப்பாகும். தனி வீட்டு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பிளிந்த் ஏரியாவின்படியே பேசப்படுகின்றன. போர்ட்டிகோ, மாடிப்படியின் மேல்கூரை, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அந்தக் கணக்கில் அடங்குமா, தனி விலையா என்பதை எழுத்தில் வாங்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

சிமென்ட் மூட்டையில் உள்ள 53 என்ற எண்ணையும் கான்கிரீட்டின் எம்20 என்ற குறியீட்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது சிமென்ட்டின் வலிமையையும், பின்னது சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணீர் யாவும் கலந்து 28 நாள் ஆன கான்கிரீட்டின் வலிமையையும் குறிக்கின்றன. ஆகவே 53 கிரேடு வாங்கிக் கொடுத்துவிட்டால் தளம் தானாகவே உறுதியாகிவிடும் என்று நம்புவது தவறு. எம்20க்கு வழக்கமாகச் சொல்லப்படும் 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில், 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456. கலவை எளிதாக ஓட வேண்டும் என்பதற்காகக் குடம் குடமாக ஊற்றப்படும் தண்ணீர், எந்தக் கிரேடு சிமென்ட்டையும் வீணாக்கிவிடும்.

மணலையும் ஜல்லியையும் யூனிட் கணக்கில் வாங்குகிறோம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆனால் ஈர மணல் உப்பிக்கொள்ளும் தன்மை உடையது. 20 முதல் 30 விழுக்காடு வரைகூடக் கன அளவு கூடித் தெரியும். இதைக் கருதாமல் சட்டியால் அளந்து கலந்தால், கலவையில் மணல் குறைந்துபோகும்.

மர வேலையில்தான் அளவுச் சொற்கள் மிகுதியாகக் குழப்புகின்றன. அறுத்த மரம் கன அடியிலும், பிளைவுட் சதுர அடியிலும், விளிம்புகளில் அடிக்கும் மெல்லிய மரப்பட்டையான பீடிங் ரன்னிங் அடியிலும், அதாவது நீளத்தை மட்டும் கணக்கிடும் அடியிலும், விலை பேசப்படுகின்றன. கன அடியைக் கணக்கிட, அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் எடுத்துப் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். 5 அங்குலத்துக்கு 3 அங்குலம் கொண்ட சட்டத்தில், 7 அடி உயரமும் 3½ அடி அகலமும் உள்ள நிலைக்கு, கீழ்க்கட்டையையும் சேர்த்து 21 அடி வேண்டும். அதாவது ஏறத்தாழ 2.19 கன அடி. இழைத்த பிறகு அதே சட்டம் 4¾க்கு 2¾ ஆகக் குறைந்தால், கையில் நிற்பது 1.9 கன அடி மட்டுமே. இழைப்பதற்கு முந்தைய அளவுக்கு விலை கொடுப்பது முறையானதுதான். எந்த அளவு என்று கேட்காமல் கொடுப்பதுதான் தவறு.

உருட்டுக் கட்டையின் கன அடி விலை மலிவாக இருக்கிறதே என்று அறுத்த மரத்தின் விலையோடு நேராக ஒப்பிடுவதும் பிழையே. சுற்றளவில் கால் பங்கை எடுத்து அதன் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கும் பழைய முறை, உண்மையான கன அளவில் ஏறத்தாழ 78.5 விழுக்காட்டையே காட்டும். அதிலும் மேற்பட்டை, தூள், விரிசல் என்று கழியும் மரம் கட்டைக்குக் கட்டை மாறும் என்பதால், அறுப்புக் கூலியையும் கழிவையும் சேர்த்த பிறகே மலிவா என்பது தெரியும்.

தேக்கு என்ற பெயரோடு திருப்தி அடைந்துவிடுவதும் கூடாது. வைரம் பாய்ந்த உட்பகுதிதான் கரையானைத் தாங்கும். வெளுத்த வெளிப்பகுதி தேக்கானாலும் எளிதில் அரிக்கப்படும். காய்ந்த மரம் என்று கடையில் சொல்வதை நம்பாமல், ஈரப்பதமானியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கதவுக்கு 12 விழுக்காட்டை ஒட்டி இருப்பது நல்லது. அதைவிட மிகவும் ஈரமாக உள்ள மரத்தில் செய்த கதவு, பொருத்திய பின் சுருங்கி இடைவெளி விடும்.

பிளைவுட்டில் எம்ஆர் என்பது காற்றின் ஈரத்தை ஓரளவு தாங்கும் என்பதற்கான குறியீடே அன்றித் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கானது அன்று. சமையலறைச் சிங்க்கின் கீழ் அதைப் பொருத்தச் சம்மதிக்காதீர்கள். ஐஎஸ் 710 முத்திரை பெற்ற மெரைன் பிளைவுட் 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனைக்கு உட்படும் பசையால் ஒட்டப்பட்டது. ஆயினும் அந்தச் சோதனை பசைப் பிணைப்புக்கு உரியது. அறுத்த விளிம்புகள் வழியே மரம் தண்ணீரை உறிஞ்சவே செய்யும். ஆகவே எந்தப் பலகையானாலும், குழாய்க்காகத் துளையிட்ட இடங்கள் உட்பட எல்லா விளிம்புகளையும் தச்சர் அடைத்துவிட்டாரா என்று பார்த்த பிறகே சிங்க்கைப் பொருத்தச் சொல்லுங்கள்.