தைராய்டு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ரிப்போர்ட் டெம்ப்ளேட்டில் எதைக் காலியாக விட வேண்டும்?

பித்தப்பை எடுத்துவிட்ட நோயாளிக்கு 'பித்தப்பை நார்மல்' என்று ரிப்போர்ட் போனால், பழியில் பெரும்பங்கு எல்லா உறுப்புக்கும் 'நார்மல்' என்று முன்கூட்டியே நிரப்பி வைத்த டெம்ப்ளேட்டுக்குத்தான். தைராய்டிலும் இதே கதை. அறுவையில் எடுத்த இடது மடல் ரிப்போர்ட்டில் மட்டும் உயிரோடு இருக்கும்.

அதனால் முதல் விதி: எந்தக் கட்டத்திலும் முன்பதில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு மடலுக்கும் 'நார்மல்', 'மாற்றம் உண்டு', 'நீக்கப்பட்டது', 'சரியாகத் தெரியவில்லை' என நான்கு தேர்வுகள் போதும். அளக்க முடிகிற மடலுக்கு நீளம், அகலம், ஆழம் என மூன்று அளவுகளும் விழாமல் கையெழுத்துப் பொத்தான் திறக்கக் கூடாது. செ.மீ.யா மி.மீ.யா என்பதைக் கட்டத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்; 1.2-ம் 12-ம் கலந்தால் பின்னால் வரும் கணக்கெல்லாம் பாழ். கன அளவை (நீளம் × அகலம் × ஆழம் × 0.52) மென்பொருளே போடட்டும்.

கட்டிகளுக்கு ஏ.சி.ஆர். (அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி) 2017-ல் வெளியிட்ட டைராட்ஸ் முறையை எடுத்துக்கொள்ளலாம்; கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பைப் புள்ளி போட்டு நிலைகளாகப் பிரிக்கும் முறை இது. உள்ளமைப்பு, எதிரொலிப்பு (படத்தில் கட்டி எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பது), வடிவம், விளிம்பு, ஒளிப்புள்ளிகள் என்று ஐந்து கேள்விகள். ஒளிப்புள்ளியில் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட பதில்களைத் தேர்ந்து புள்ளிகளைக் கூட்டலாம். மற்ற நான்கிலும் ஒரே பதில். பஞ்சு போன்ற கட்டி என்று தேர்ந்தால் மீதிக் கேள்விகள் பூட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு மேல் புள்ளி கிடையாது. அதிகப் புள்ளி வாங்கிய நான்கு கட்டிகள் வரை விவரித்தால் போதும்.

ஒளிப்புள்ளியில் தவறுவது எளிது. திடமான, ஐசோ எதிரொலிப்புள்ள (சுற்றியுள்ள தைராய்டு அளவுக்கே வெளிச்சமான), ஒழுங்கான விளிம்புள்ள 1.6 செ.மீ. கட்டி, திடத்துக்கு 2, எதிரொலிப்புக்கு 1 என 3 புள்ளி வாங்கி டி.ஆர்.3 (டைராட்ஸ் நிலை 3) ஆகும். டி.ஆர்.3-க்கு 2.5 செ.மீ. வந்தால்தான் ஊசிப் பரிசோதனை, ஆகவே இதைக் கண்காணித்தால் போதும். அதே கட்டியில் நுண் ஒளிப்புள்ளி இருப்பதாகத் தவறாகச் சொடுக்கினால் 3 ஏறி 6, டி.ஆர்.4. அங்கே எல்லை 1.5 செ.மீ. தேவையில்லாமல் ஒருவர் கழுத்தில் ஊசி இறங்கும். கட்டியின் நீர்ப்பகுதியில் ஒளிப்புள்ளிக்குப் பின்னால் 1 மி.மீ.-க்கு மேல் நீளும் 'வி' வடிவ வாலுக்குப் புள்ளி 0 என்று தேர்வின் பக்கத்திலேயே மாதிரிப் படத்தோடு எழுதி வையுங்கள். அகலத்தைவிட உயரம் கூடுதலா என்பதைக் குறுக்குவெட்டுப் படத்தில் பார்க்க வேண்டும் என்ற குறிப்பும் அங்கேயே இருக்கட்டும். உயரம் கூடுதலாக இருந்தால் அதற்கும் 3 புள்ளி.

நிணநீர் முடிச்சுகளுக்குக் கட்டாயக் கட்டம் தனியாக வேண்டும். டைராட்ஸ் புள்ளியில் அவை சேராததால் எளிதில் விட்டுப்போகும். முந்தைய ஸ்கேனின் தேதியும் அளவுகளும் வர வேண்டும்: குறைந்தது இரண்டு அளவுகள் 20 சதவீதமும் 2 மி.மீ.யும் கூடியிருந்தாலோ, கன அளவு 50 சதவீதம் கூடியிருந்தாலோதான் வளர்ச்சி.

முடிவுரையை மேலே நிரப்பியதிலிருந்தே இழுத்து வாருங்கள். தனியாகத் தட்டச்சு செய்தால் மேலே 'வலது', கீழே 'இடது' என்று முரண்படும். ஆனால் கட்டத்துக்குள் அடங்காததை எழுத ஒரு திறந்த பெட்டியை அவசியம் விடுங்கள்.

நிரப்பும் வரிசையும் முக்கியம். முதலில் படங்கள் அனைத்தையும் பார்த்து முடித்து, பிறகு டெம்ப்ளேட்டைத் திறக்கவும். கேள்வியை முன்னால் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால், கேள்வியில் இல்லாதது கண்ணில் படாது.

பயன்பாட்டுக்கு விடும் முன், பழைய ஸ்கேன்கள் 20-ஐ இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் தனித்தனியே இதில் நிரப்பட்டும். பதில்கள் அடிக்கடி வேறுபடும் கட்டத்தின் சொற்களைத் திருத்தி, மறுபடி நிரப்பிப் பாருங்கள்.