மூன்று ஏக்கர் புல்லுக்கு ஒரு ஜீரோ டர்ன்

வட கரோலினாவில் எங்கள் வீட்டைச் சுற்றி 3 ஏக்கர் புல். பழைய டிராக்டர் மோவரில் மரங்களைச் சுற்றி வந்தே சனிக்கிழமை முழுக்கப் போய்விடும். ஜீரோ டர்ன், அதாவது நின்ற இடத்திலேயே திரும்பும் புல்வெட்டி வண்டி, கேட்டதும் கடைக்காரர் 60 அங்குல டெக் (கத்திகள் சுழலும் அடிப்பகுதி) உள்ளதைக் காட்டினார். எங்கள் வீட்டுப் பின்பக்க கேட்டின் அகலமே 60தான். 54 எடுத்தேன்; புல் வெளியேறும் மூடியைத் தூக்கிவிட்டால் உள்ளே நுழையும்.

அங்குலத்தில் டெக் அகலத்தை மணிக்கு எத்தனை மைல் என்பதால் பெருக்கி 99ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்தில் எத்தனை ஏக்கர் வெட்டலாம் என்ற கணக்கு வரும். திரும்பும் நேரத்துக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 5 மைல் வேகத்தில் எனக்கு சுமார் 2.2 ஏக்கர்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சரிவு. இந்த வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்கள் இரண்டும்தான். முன்சக்கரங்கள் இழுத்த இழுப்புக்குச் சுழலும். ஈரப்புல்லில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. பல கையேடுகள் 15 டிகிரியை வரம்பாகச் சொல்கின்றன, சில 10 என்கின்றன. ஒரு பலகையைக் கிடத்தி, அதன்மேல் போனை வைத்து அளந்தேன். ஓடைக்கரை 17 காட்டியது. அந்தப் பட்டையை இப்போது கையில் பிடிக்கும் டிரிம்மரால்தான் வெட்டுகிறேன். கவிழ்ந்தால் காக்கும் கம்பி இல்லாத மாடலை தயவுசெய்து வாங்காதீர்கள். கம்பியை நிமிர்த்தி ஓட்டும்போது சீட் பெல்ட்டும் கட்டாயம்.