ஜப்பானியத் தோட்டத்தை முதல்முறை பார்க்கப் போகிறீர்களா? இப்படி நடந்து பாருங்கள்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மிசூரி தாவரவியல் பூங்கா இருக்கிறது. அதற்குள் 14 ஏக்கரில் விரிந்திருக்கும் ஜப்பானியத் தோட்டத்தின் பெயர் சேய்வா-என். கொயிச்சி கவானா வடிவமைத்தது, 1977-ல் திறந்தார்கள். அவசரப்பட்டால் இந்தத் தோட்டம் பிடிபடாது. கையில் இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஏரிக்கரைப் பாதையைப் பிடியுங்கள்
ஏரி மட்டுமே சுமார் நாலு ஏக்கர். எங்கே நின்றாலும் முழுத் தோட்டமும் கண்ணில் படாது. ஒரு பைன் மரமோ மண்மேடோ பாதையின் வளைவோ கொஞ்சத்தை மறைத்துவிடும். வேண்டுமென்றே செய்தது இது. மறைத்து மறைத்துக் காட்டும் இந்த உத்திக்கு ஜப்பானியர் வைத்த பெயர் மியேகாகுரே. ஆகவே ஒவ்வொரு திருப்பத்திலும் நில்லுங்கள். புதிதாக என்ன தெரிகிறது? இவ்வளவு நேரம் தெரிந்ததில் எது காணாமல் போனது? இந்த இரண்டையும் கவனித்தாலே பாதித் தோட்டம் புரிந்துவிடும். ஃபோட்டோ அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

படி 2: கோணல் பாலத்தில் நில்லுங்கள்
யாட்சுஹாஷி என்ற இந்த மரப்பாலம் நேராகப் போகாது, மடங்கி மடங்கிப் போகும். ஒவ்வொரு மடக்கிலும் உடம்பு திரும்புகிறது, கூடவே பார்வையும் திரும்புகிறது. ஜூன் மாதம் போனால் பக்கத்திலேயே ஐரிஸ் பூக்கள் இருக்கும். எனக்கு இங்கே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

படி 3: வளைவுப் பாலத்தை முதலில் தள்ளி நின்று பாருங்கள்
உடனே ஏறிவிடாதீர்கள். தண்ணீர் அசையாமல் இருந்தால் பாலமும் அதன் நிழலும் சேர்ந்து ஒரு வட்டமாகத் தெரியும்.

படி 4: சரளைக்கல் பரப்பு
வாரியால் இழுத்த கோடுகள்தான் இங்கே நீரலைகள். கால் வைக்காதீர்கள். தீவில் இருக்கும் தேநீர் இல்லத்தையும் தூரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். மிசூரி மாநிலத்துக்கு ஜப்பானில் இருக்கும் சகோதர மாநிலமான நாகானோ கொடுத்த பரிசு அது.

படி 5: பனிக்காலத்தில் திரும்ப வாருங்கள்
நீரோரத்தில் அகலமான கூரையோடு கல்விளக்குகள் நிற்கும். யுகிமி என்று பெயர், வெண்பனியைப் பார்ப்பது என்று பொருள். பனி வந்து தங்குவதற்காகவே அந்தக் கூரை. பனி பெய்த மறுநாள் காலையில் போங்கள். இந்தமுறை ஏரியை எதிர்த்திசையில் சுற்றுங்கள்.