200 பொட்டலம் கட்ட 7 பேர் போதும்

கோயில் அன்னதானமோ, வெள்ள நிவாரணமோ, கல்யாணப் பேருந்துக்கான கட்டுச்சோறோ, 200 பொட்டலம் என்றதும் பதினைந்து பேர் அண்டாவைச் சுற்றி நின்றுவிடுவார்கள். கரண்டி ஒன்று, நூல்கண்டு ஒன்று. பாதிப் பேர் அவற்றுக்காகக் காத்து நிற்பார்கள். அதே வேலையை ஏழு பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்று அரை மணி நேரத்தில் முடிக்கலாம். ஓடும் பெல்ட் எதுவும் வேண்டாம். பொட்டலம் கைக்குக் கை நகர்ந்தாலே போதும்.

30, 40 பொட்டலம்தான் என்றால் இந்த ஏற்பாடே வேண்டாம். ஆளுக்கு ஒன்றாக முழுதாகக் கட்டிவிடுங்கள், அதுதான் வேகம். வரிசை வேலை பலன் தருவது எண்ணிக்கை பெருகும்போதுதான். அதில் இன்னொரு நன்மையும் உண்டு: நூலையும் பெட்டியையும் தொடுகிற கை சோற்றைத் தொடாது.

முதலில் அளவு. பொட்டலத்துக்கு 300 கிராம் புளியோதரை என்றால் மொத்தம் 60 கிலோ சாதம். ஒரு கிலோ அரிசி ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோ சாதமாகும். ஆகவே 22 கிலோ அரிசி, சிந்துவதற்கும் அடிப்பிடிப்பதற்கும் சேர்த்து 23. தராசில் 300 கிராம் நிறுத்து, அது தலைதட்டிக் கொள்ளும் கிண்ணம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம், ஆளுக்கு ஆள் மாறும்.

அடுத்து, பத்துப் பொட்டலம் கட்டிப் பார்த்து ஒவ்வொரு வேலைக்கும் கைபேசியில் நேரம் எடுங்கள். உதாரணத்துக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: தாளும் இலையும் விரிக்க 4 நொடி, சாதம் போட 5, பொரியலும் ஊறுகாயும் வைக்க 4, மடிக்க 14, நூல் கட்ட 16, பெட்டியில் அடுக்க 3. ஆளுக்கு ஒரு வேலை என்று ஆறு பேரை நிறுத்தினால் பொட்டலம் 16 நொடிக்கு ஒன்றுதான் வரும். சாதம் போடுபவர் எவ்வளவு பறந்தாலும் நூல் கட்டுபவரின் வேகம்தான் மொத்த வரிசையின் வேகம். 200 முடிய 53 நிமிடம் ஆகும். வேகமான கையை விரட்டுவதில் பயனில்லை. கட்டுவதற்கு இன்னொருவரைப் போடுங்கள், மடிப்பதற்கும் இன்னொருவர். இப்போது 8 நொடிக்கு ஒன்று, 27 நிமிடம். நடுவில் வரும் தடங்கல்களைச் சேர்த்தால் 35 என்று வைத்துக்கொள்ளலாம்.

எட்டுப் பேர் ஆகிவிட்டதே என்றால், வரிசையை நேர்க்கோடாக வைக்காமல் மேசையைச் சுற்றி 'ப' வடிவில் வளையுங்கள். தொடக்கமும் முடிவும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். இலை விரிப்பவரே பெட்டியிலும் அடுக்குவார். 4, 3 சேர்ந்து 7 நொடி, எட்டுக்குள் அடங்குகிறது. ஏழே பேர். சாதத்தையும் பொரியலையும் ஒருவரிடம் கொடுக்காதீர்கள், 9 நொடியாகிவிடும்.

மேசை உயரத்தை யாரும் கவனிப்பதில்லை. 1913இல் ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் காரின் மேக்னெட்டோவை, அதாவது எஞ்சினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பாகத்தை, ஒருவரே முழுதாகப் பூட்ட 20 நிமிடம் பிடித்தது. வேலையை 29 பேருக்குப் பிரித்ததும் 13 நிமிடம் 10 நொடி ஆனது. அப்போது பொருளைக் கையால்தான் தள்ளிவிட்டார்கள். மறு ஆண்டு வேலைத்தளத்தை 8 அங்குலம் உயர்த்தியதும் 7 நிமிடம். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை சுமார் 75 சென்டிமீட்டர். நின்று வேலை செய்ய அது தாழ்வு. நான்கு கால்களுக்கும் இரண்டிரண்டு செங்கல் படுக்கையாக வைத்தால் 90 ஆகும். ஆடுகிறதா என்று அழுத்திப் பாருங்கள். மண்டபத் தரையில் உட்கார்ந்து செய்தால் ஐம்பதாவது பொட்டலத்திலேயே இடுப்பு பேச ஆரம்பித்துவிடும்.

அண்டாவிலிருந்து நேரே அள்ளாதீர்கள். சாதம் குறையக் குறையக் கை ஆழத்துக்குப் போகும், 5 நொடி 10 ஆகும். 10 கிலோ பிடிக்கும் பேசின் இரண்டு வேண்டும். ஒன்று மேசையில், நிரப்பிய இன்னொன்று பின்னால். ஒரு பேசின் 33 பொட்டலம், அதாவது நாலரை நிமிடம் வரும். காலியானதை நிரப்பி வைப்பது சமையல்காரர் வேலை, வரிசையில் நிற்பவர் வேலையல்ல.

வாழையிலையை முன்கூட்டியே தணலில் வாட்டித் துடைத்து அடுக்கிவிடுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போது நரம்போடு கிழியும். வெளியே பழுப்புத் தாள். பிளாஸ்டிக் தாள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. செய்தித்தாளின் மை சாதத்தில் இறங்கும். ஸ்டேப்ளர் பின் கூடவே கூடாது. நூல்கண்டைப் பழைய மளிகைக் கடைபோலத் தலைக்கு மேலே தொங்கவிடுங்கள். கட்டுபவர் தேடாமல் இழுத்துக்கொள்வார். அந்த 16 நொடியில் சில நொடி அங்கேயே மிச்சமாகும்.

மடிப்பவருக்கும் கட்டுபவருக்கும் நடுவே மூன்று பொட்டலத்துக்கு மேல் சேர விடாதீர்கள். கட்டாத மடிப்பு தானாகப் பிரியும், மேலே அடுக்கினால் நசுங்கும். நாலாவது வந்தால் மடிப்பவர் கையை நிறுத்திவிட்டு நூல் கட்டப் போகவேண்டும். சும்மா நிற்பதாகத் தெரியக் கூடாதென்று மடித்துக் குவிப்பவர்தான் வரிசையைக் கெடுப்பவர்.

ஊறுகாய் விடுபடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு பெட்டிக்கு 20 பொட்டலம் என்றால் ஊறுகாய்ப் பாக்கெட்டையும் இருபது இருபதாக எண்ணியே மேசைக்கு அனுப்புங்கள். பெட்டி நிறைந்தும் ஒன்று மிஞ்சினால் அந்தப் பெட்டியில்தான் குறை; 200ஐயும் பிரிக்க வேண்டியதில்லை. ஐம்பது பொட்டலத்துக்கு ஒருமுறை மடிப்பவரும் கட்டுபவரும் இடம் மாறட்டும், நூல் விரலை அறுக்கும். சாதம் போடுபவரை மாற்றாதீர்கள்.

ஆவி பறக்கும் சாதத்தை மடித்தால் உள்ளே வியர்த்துக் குழையும். தாம்பாளங்களில் பரப்பி ஆவி அடங்கியதும் கட்டுங்கள், ஆனால் மணிக்கணக்கில் ஆறப்போடாதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சாதம் வெந்தாலும் சாவதில்லை. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் பெருகும். கட்டிய நேரத்தைப் பெட்டிமேல் எழுதி, நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்லுங்கள். புளியோதரை கொஞ்சம் தாங்கும். தயிர்சாதமும் உண்டென்றால் அதைக் கடைசியாகக் கட்டுங்கள்.

நூறாவது பொட்டலத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி மீதிச் சாதத்தைப் பாருங்கள். மூன்று பேசினுக்குக் குறைவாக இருந்தால் கிண்ணம் குவிந்து போகிறது என்று பொருள். அப்போதே 270, 280 கிராமுக்கு இறக்கினால் யாருக்கும் தெரியாது. கடைசி இருபதில் கண்டுபிடித்தால் மறுபடி உலை வைக்க வேண்டியதுதான்.