விலைமதிப்பீட்டு அறிக்கையில் பக்கச்சார்பான சொற்களைத் தவிர்ப்பது எப்படி?

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன். பரப்பை (நம் ஊர்க் காணி அளவு) பேர்ச்சஸாக மாற்றுவது, தேய்மானம் கழிப்பது, உறுதியை (காணிப் பத்திரத்தை) நில அளவை வரைபடத்தோடு சரிபார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே ஒரு விஷயம்தான்: காணியையும் வீட்டையும் பற்றிய அறிக்கைக்குள், அங்கே குடியிருக்கிற ஆட்களைப் பற்றிய நம் எண்ணம் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது.

இதில் அமெரிக்கர்கள் பட்டுத் தெளிந்தவர்கள். 1930களில் அங்கே அரச வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று நகரங்களை ஏ முதல் டி வரை தரம் பிரித்து வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே டி என்ற சிவப்பு நிறத்துக்குள் விழுந்தன. 1968இல் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் வந்தது. பிறகு அங்கே பரவலாகப் புழங்கிய 1004 படிவத்தில், இனமும் சுற்றாடலின் இன அமைப்பும் மதிப்பீட்டுக் காரணிகள் அல்ல என்று அச்சிட்டே வைத்தார்கள். வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம் ஒருபடி மேலே போய், அறிக்கையில் வரக்கூடாத சொற்களைப் பட்டியலே போட்டது: ‘குட் நெய்பர்ஹூட்’, ‘புவர் நெய்பர்ஹூட்’, ‘டிசையரபிள் லொக்கேஷன்’, ‘பிரைட் ஒஃப் ஓனர்ஷிப்’. அவர்களுடைய படிவம் நமக்கு வேண்டாம். அந்தப் பட்டியலை மட்டும் எடுத்து மேசையில் ஒட்டிவையுங்கள்.

பக்கத்தில் நம் இலங்கை அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரையையும் ஒட்டலாம். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் ஆகிய ஏழின் பேரிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது அது. நான் ஒரு வசனத்தில் சந்தேகப்பட்டால், அது இந்த ஏழில் எதையாவது சுற்றி வளைத்துச் சொல்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

படி 1: களக்குறிப்பிலேயே தடுங்கள்

வங்கிக்குப் போகிற அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலம். ஆனால் வாசலில் நின்று கொப்பியில் எழுதுவது தமிழ். ‘நல்ல சனம் இருக்கிற ஒழுங்கை’, ‘டீசன்டான ஏரியா’, ‘படிச்ச ஆக்கள்’, ‘கரையோரச் சனம்’ என்று கை தானாக எழுதும். பின்னேரம் கணினியில் இருந்து அதையே மரியாதையான ஆங்கிலமாக்கும்போது பார்வைக்குக் குற்றமில்லாத ஒரு வசனம் பிறந்துவிடும்.

அதனால் கொப்பிப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் நீங்கள் கண்டதும் அளந்ததும். வலப்பக்கம் மற்றவர் சொன்னது, சொன்னவர் யார் என்பதோடு. தரகர் “அது எந்தப் பகுதி ஆக்கள் தெரியுந்தானே” என்று சாதியைச் சுட்டிக் குரலைத் தாழ்த்தினால் இரண்டு பக்கமும் எழுத வேண்டாம். தலையாட்டிவிட்டு அளவுநாடாவை இழுங்கள்.

படி 2: பெயரடையை எடுத்துவிட்டு அளவைப் போடுங்கள்

‘வசதியான இடம்’ என்பதற்குப் பதில், ‘காங்கேசன்துறை வீதியிலிருந்து 400 மீற்றர், 12 அடித் தார் ஒழுங்கை, பேருந்துத் தரிப்பிடம் 450 மீற்றர்’. வாசிக்கிறவர் வசதியா இல்லையா என்று தானே முடிவெடுப்பார்.

‘வீட்டுக்காரர் அக்கறையாக வைத்திருக்கிறார்’ என்பது ஃபேனி மே தடுக்கிற ‘பிரைட் ஒஃப் ஓனர்ஷிப்’பேதான். ‘ஓட்டில் உடைவில்லை; விறாந்தைத் தரையில் வெடிப்பில்லை; குளியலறை 2019இல் புதுப்பிக்கப்பட்டது என உரிமையாளர் கூறினார்’ என்று எழுதுங்கள்.

‘மீள்குடியேறிய சனம்’, ‘வீட்டுத்திட்ட ஆக்கள்’ போன்றவற்றுக்குப் பின்னால் சில நேரம் உண்மையான ஒரு காரணி இருக்கும். காணிக்கு உறுதி இருக்கிறதா, அனுமதிப்பத்திரம் மட்டுமா என்பது விலையை மாற்றும். அதை எழுதுங்கள். தளப்பரப்பையும் கட்டுமான வகையையும் எழுதுங்கள். ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது வேண்டாம்.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல் பெயர்களை வழிகாட்டும் அடையாளமாகப் போடுவதில் பிழையில்லை. அதையே சுற்றாடலின் தரமாகக் காட்டுவதுதான் பிழை. நல்லூர்க் கோயிலடி வீடு என்றால், 25 நாள் திருவிழாவில் சுற்றுவீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுவது வாசலுக்குப் போகும் வழியைப் பாதிக்கிற விஷயம், தாராளமாக எழுதலாம். ‘பக்தியான சூழல்’ எழுதக்கூடாது.

தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ‘நல்ல தண்ணிக் கிணறு’ என்று யார் எழுதினாலும் திருப்பிக் கொடுப்பேன். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளை அளக்கிற, சட்டைப் பையில் அடங்குகிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், லேசர் அளவியை விட எனக்கு அதுதான் அதிகம் உதவியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி லீற்றருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் சுவை நன்று, 1,000ஐத் தாண்டினால் குடிக்கக் கஷ்டம். அளந்த திகதியையும் எழுதுங்கள். மார்கழி மழை முடிந்த கையோடு அளந்தால் உவர்க்கிணறும் நல்ல பிள்ளையாக நிற்கும். ஆவணியில் போனால்தான் அதன் உண்மை தெரியும். அப்புறம், இந்த மீட்டர் உவரைத்தான் காட்டும். நைத்திரேற்றுக்கு ஆய்வுகூடம்தான்.

படி 3: சொல்லை அழித்தாயிற்று, தொகை எங்கே?

எல்லோரும் சறுக்குகிற இடம் இது. நிதானமாக வாசியுங்கள்.

‘அவ்வளவு விரும்பத்தக்க பகுதி அல்ல’ என்ற வசனத்தை அழித்துவிடுவது சுலபம். அந்த எண்ணத்தின் பேரில், விலைபோன மற்றக் காணிகளோடு ஒப்பிடும் அட்டவணையில் கழித்த தொகை அப்படியே கிடக்கும். அப்போது அறிக்கை முன்னையதை விட மோசமாகிறது. முன்பு காரணமாவது வெளியே தெரிந்தது.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். நீங்கள் மதிப்பிடுவது 4 பரப்புக் காணி. ஒப்பீட்டுக்கு எடுத்த காணி பரப்பு 15 இலட்சத்துக்கு விலைபோனது. ‘அமைவிடம்’ என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் 15 வீதம் கழித்திருக்கிறீர்கள். இந்த 15ஐப் பிரித்துக் காட்டுங்கள். அதே ஊரில், அதே தண்ணீருள்ள இரண்டு விற்பனைகள் கிடைக்கின்றன: 20 அடி வீதியில் 15 இலட்சம், 10 அடி ஒழுங்கையில் 13.5 இலட்சம். ஆக, ஒழுங்கைக்கு 10 வீதம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. மிச்சம் 5 வீதம் எதற்கு? வெள்ளம் நிற்கிறதா? உவரா? ஒன்றும் இல்லையென்றால் அந்த 5 வீதம் போக வேண்டும். பரப்புக்கு 75,000, நாலு பரப்புக்கு 3 இலட்சம் ரூபாய். யாரோ ஒருவருடைய கடன் தொகை அதற்கேற்பச் சுருங்கியிருக்கும்.

ஒப்பீட்டுக் காணிகளைத் தெரிவு செய்வதிலும் இதே கதை. பக்கத்து ஒழுங்கையில் விற்பனை இருக்க, இரண்டு மைல் தள்ளி ‘அதே மாதிரி ஆக்கள்’ இருக்கிற ஊரில் போய் எடுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. வரைபடத்தில் வீட்டை மையமாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் நீங்கள் விட்டுவிட்ட ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு காரணம் எழுதுங்கள். சீதன உறுதி, நன்கொடை உறுதி என்றால் விடலாம், அவை சந்தை விலை அல்ல. தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்) தரும் முன்னுரிமையைச் சொல்லி உறவினர் குறைத்து வாங்கியது என்றால் அதுவும் சரி. ‘அது வேறு பக்கம்’ என்பது காரணம் ஆகாது.

இந்த இடத்தில் ஒரு வாசகர் கேட்ட கேள்வி நியாயமானது: “அண்ணை, வாங்குகிற சனமே சாதி பார்த்துத்தான் வாங்குது. அதை எழுதாமல் விட்டால் அறிக்கை பொய்யாகாதா?” ஆகாது. வாங்கியவர் மனதில் என்ன இருந்தாலும் அவர் கொடுத்த காசு விற்பனை விலைக்குள் ஏற்கனவே இருக்கிறது. அதே ஒழுங்கை விற்பனைகளை எடுத்தால் அந்த விலை தானாக வரும். அதற்கு மேல் நீங்களும் ஒரு கழிவு போட்டால் ஒரே விஷயத்தை இரண்டு முறை கழிக்கிறீர்கள், இரண்டாவது முறைக்கு எந்த விற்பனையும் சாட்சி இல்லை.

படி 4: தேடிப் பாருங்கள்

அறிக்கையை முடித்த பிறகு, வேர்டில் கண்ட்ரோல் எஃப் அழுத்தி ‘குட்’, ‘பெட்டர்’, ‘டீசன்ட்’, ‘டிசையரபிள்’, ‘ஐடியல் ஃபோர்’ ஆகியவற்றை ஆங்கிலத்தில் தேடுங்கள். கடைசியானது ‘சின்னக் குடும்பத்துக்கு ஏற்றது’ என்று எழுதும்போது வரும். அறைகளின் எண்ணிக்கையை எழுதினால் போதும். இதற்கென்று விற்கிற மென்பொருள்கள் இருக்கின்றன, நமக்கு வீண்செலவு. செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் மொழியை அழகாக்கித் தரும். எனக்கு அதில் விருப்பமில்லை, படி 3இன் சிக்கலை அது இன்னும் ஆழமாக மூடிவிடுகிறது. வீட்டுக்காரரின் பெயர், முகவரி இருக்கிற கோப்பை வெளியே அனுப்புவதும் சரியில்லை.

பிறகு உரிமையாளர் பெயரை மறைத்துப் பிரதி எடுத்து, சக ஊழியர் ஒருவரிடம் கொடுத்து, “இந்த வீட்டுக்காரர் யார் பகுதி?” என்று கேளுங்கள். அவர் ஊகித்தால், எந்த வரியை வைத்து ஊகித்தார் என்று கேட்டு அந்த வரியைத் திருத்துங்கள்.

சேர்க்கை: தமிழ்க் களக்குறிப்புகளையும் தட்டச்சு செய்து வைத்திருப்பவர்கள் “தேடினால் ஒன்றும் வருவதில்லை” என்று எழுதியிருந்தார்கள். கோப்பு பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ‘நல்ல’ என்று தேடினால் நல்லூர் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பொறுமையாக ஒவ்வொன்றாகப் பாருங்கள், ‘எல்லாவற்றையும் மாற்று’ என்ற பொத்தானை மட்டும் அழுத்த வேண்டாம்.