எம்.எஸ். உள்ளவர்களுக்கு மூச்சும் தளர்த்தலும்: திருகோணமலைச் சூட்டில் செய்யும் முறை

மூச்சுப் பயிற்சியோ யோகாசனமோ தியானமோ மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோயை மாற்றாது. களைப்பையும் மனச்சோர்வையும் குறைக்கும். நாள் முழுக்கக் களைத்துக் கிடப்பவருக்கு அது சின்ன உதவி இல்லை. 2004 இல் அமெரிக்காவின் ஓரிகனில் 69 பேரை வைத்து நடத்திய ஆய்வொன்று வெளிவந்தது. ஆறு மாதம் யோகா செய்தவர்களுக்கும் வேறு உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் களைப்பு ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. ஆகவே எது பிடிக்கிறதோ அதைச் செய்யுங்கள். கிளினிக்கில் தந்த மருந்தை மட்டும் இதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

எங்கள் ஊரில் முதல் எதிரி சூடு. எம்.எஸ். இல் நரம்பின் மேலுறையான மயலின் சிதைந்த இடத்தில், உடம்புச் சூடு அரைப் பாகை செல்சியஸ் ஏறினாலே செய்தி போவது தடைப்படலாம். பார்வை மங்கும், கால் இழுபடும். உடற்பயிற்சி செய்யும்போது பார்வை மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹோஃப் 1890 இலேயே எழுதி வைத்தார். உடம்பு குளிர்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும், நரம்புக்குப் புதுச் சேதம் இல்லை. ஆனால் கால் இழுபடும் அந்த நேரத்தில் விழுந்தால் எலும்பு முறியும்.

அதனால்தான் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "நரம்புக்கு நல்லது, ஏழு கிணற்றிலும் அள்ளி ஊத்து" என்று உறவினர் அன்போடு கூட்டிப் போவார்கள். எம்.எஸ். உள்ளவர் அங்கே போகலாம், பார்க்கலாம், வெந்நீரில் குளிக்க வேண்டாம். வேது பிடிப்பதும் அப்படியே. எண்ணெய் பூசுவதென்றால் சூடாக்காத எண்ணெயை மெதுவாகப் பூசுங்கள். உள்ளங்காலில் பூசிவிட்டு நடக்கக் கூடாது, வழுக்கும்.

பயிற்சிக்கு நேரம் காலை ஆறு மணியளவு, வெயில் ஏறுமுன். முதலில் சலம் கழித்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் நடுவில் அவசரமாக எழும்பி ஓட வேண்டிவரும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்க வேண்டாம். ஒரு கோப்பை குளிர்ந்த தண்ணீர் குடித்து, ஃபேனைப் போட்டு, நனைத்துப் பிழிந்த துவாயைப் பிடரியில் போடுங்கள். விறைத்த தோலில் ஐஸ் கட்டியை நேரே வைக்காதீர்கள். தோல் புண்பட்டாலும் தெரியாது.

மூச்சிலிருந்து தொடங்குங்கள். பாயில் மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே தலையணை வையுங்கள். வயிற்றில் கை வைத்துப் பார் என்பார்கள், கை மரத்துப்போனவருக்கு அது பயன்படாது. கால் கிலோ பருப்புப் பையொன்றைத் தொப்புளுக்கு மேலே வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு கண்ணால் பாருங்கள். நாலு எண்ணும்வரை மூக்கால் இழுக்கப் பை எழும்ப வேண்டும், ஆறு எண்ணும்வரை விடப் பை தாழ வேண்டும். பை அசையாமல் தோள் மட்டும் எழும்பினால் மூச்சு நெஞ்சோடு நிற்கிறது. அப்போது இழுப்பதை விட்டுவிட்டு, முழுதாக வெளியே விடுவதில் மட்டும் கவனம் வையுங்கள், அடுத்த மூச்சு தானாக ஆழப்படும். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் வழக்கமான மூச்சுக்குத் திரும்புங்கள். கபாலபாதி, பஸ்திரிகா என்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளும் மூச்சை அடக்கி வைத்தலும் வேண்டாம்.

அடுத்தது தசை தளர்த்தல். ஒவ்வொரு தசையாக இறுக்கி விடுவது வழக்கமான முறை. எம்.எஸ். இல் காலை இறுக்கினால் தசை பிடித்துத் துடிக்கத் தொடங்கலாம். ஆகவே கை, தோள், முகத்தை மட்டும் பாதிப் பலத்தில் ஐந்து நொடி இறுக்கி, இருபது நொடி விடுங்கள். கால்களை இறுக்க வேண்டாம், கனத்துப் பாயில் பதிவதாக நினைத்தாலே போதும்.

ஆசனத்துக்குச் சில்லில்லாத கதிரை, பின்புறம் சுவரில் முட்டியிருக்கட்டும். கையைத் தூக்குவது, இடுப்பைத் திருப்புவது, ஒரு காலை நீட்டுவது: ஒவ்வொன்றும் ஐந்து முறை. நாடியை நெஞ்சில் முட்டக் குனியும்போது முதுகில் மின்சாரம் பாய்ந்தது போலிருந்தால் அந்தக் குனிவை விட்டுவிடுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். நின்று செய்பவர் கண்ணை மூடக் கூடாது. காலின் உணர்வு குறைந்தவருக்குக் கண்தான் சமநிலை தருகிறது.

தியானத்தில் உடம்பை ஒவ்வொரு பாகமாகக் கவனிக்கும்போது மரத்த பாதத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். பயிற்சி பிழைத்துவிட்டதென்று பதறாமல் அடுத்த பாகத்துக்குப் போங்கள்.

களைத்த பிறகு நிறுத்துவது பிந்திய நிறுத்தம். இன்னும் ஐந்து நிமிடம் முடியும் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். மறுநாள் காலையிலும் அந்தக் களைப்பு நீடித்தால் அளவைப் பாதியாக்குங்கள். சித்த மருத்துவரிடம் போகிறவர்கள் எம்.எஸ். மருந்தின் பெயரைக் காட்டுங்கள். சீந்தில், அமுக்கிரா போன்ற மூலிகைகள் நோயெதிர்ப்பைத் தூண்டக்கூடும், எம்.எஸ். மருந்துகள் பலவோ அதைத் தணிப்பவை.

புதிய பலவீனமோ பார்வைக் குறைவோ 24 மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால் அது வெயிலின் வேலை இல்லை. காய்ச்சலோ சல எரிவோ இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.